பை-டூ போட்ட களிம்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எனக்கு எழுத வராது. கோலார் தங்கவயலில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் டப்பாக்களின் மேல் ஒட்டுகிற லேபிள்தான். அதனால் இதிலும் வரிகள் லேபிள் மாதிரி குட்டை குட்டையாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகமும் முன்போல் இல்லை. அடுப்பில் பால் வைத்தேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டே, பொங்கி வழிந்த பாலைத் துடைக்கிற ஆள் நான்.

நம் கம்பெனி மேடம்தான் விடவில்லை. "அம்மா, மருந்து பண்றது நாங்க சொல்லிக் கொடுக்கறோம். நீங்க அந்த டெய்லர் கதை மட்டும் எழுதிக் கொடுங்க, சாக்கு" என்றார். மேடம் கன்னடக்காரர், சாக்கு என்றால் போதும் என்கிறார். தமிழ் என்னிடம் கற்றுக்கொண்டதுதான், அதனால் அதில் இருக்கிற தப்பெல்லாம் என்னுடையது.

நேரில் வந்து சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்து வருவேன். அடுகோடியில் இறங்க வேண்டியவள் மடிவாளா பார்த்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு.

அப்போது நம் கம்பெனி இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் வைட்ஃபீல்ட் கட்டிடத்தில் இல்லை. அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே மூன்று அறைகள், அவ்வளவுதான். கீழே அவர்கள் இரும்பைக் கடைந்தால் மேலே எங்கள் மேஜையில் பாட்டில்கள் தாமாக நகர்ந்து விளிம்புக்கு வரும். விழுவதற்குள் பிடிப்பதும் என் வேலையில் ஒன்று. நாங்கள் செய்துகொண்டிருந்தது ஆறாத புண்ணுக்கு மேலே தடவுகிற பச்சிலைக் களிம்பு. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலில் புண் வந்தால் மாதக்கணக்கில் ஆறாமல் படுத்தும் அல்லவா, அதற்காக.

களிம்புக்கு அடிப்படை நெய். அதைச் செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி விட்டு, நூறு முறை கழுவ வேண்டும். கழுவக் கழுவ நெய் வெள்ளை வெளேரென்று ஆகி, விரலில் எடுத்தால் ஐஸ் மாதிரி குளிரும். நானும் என்னோடு வேலை பார்த்த கவுரம்மாவும்தான் கழுவுவோம். நான் தமிழில் எண்ணுவேன், அவள் கன்னடத்தில் எண்ணுவாள், இரண்டும் ஒன்றாய்ப் போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் பட்டறை முதலாளி மாடிக்கு வந்து, மரியாதைக்கு "ஊட்ட ஆய்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு "அறுபத்தி மூணு" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, அதற்குப் பிறகு எங்களிடம் சாப்பாட்டைப் பற்றியே பேசியதில்லை. கவுரம்மா சிரித்ததில் கணக்கு போய்விட்டது. மேடம் வந்து, "சந்தேகம்னா முதல்ல இருந்து" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். முதலில் இருந்து கழுவினோம். தோள் போய்விட்டது. ஆனால் அந்த வார்த்தை நிற்கிறது.

பச்சிலை விஷயமும் அப்படித்தான். வெட்டுக்காயப்பூண்டு இந்த ஊரில் நடைபாதை ஓரமெல்லாம் முளைத்துக் கிடக்கும். முதல் நாள் நான் பெருமையாக ஒரு கூடை பறித்துக்கொண்டு வந்தேன். மேடம் முகர்ந்து பார்த்தார். "அம்மா, இது நாய் காலைத் தூக்கற இடமா?" என்றார். அந்தச் செடி வளர்வதே நாய் காலைத் தூக்குகிற உயரத்தில்தான், நான் என்ன செய்ய? அன்றிலிருந்து மொட்டைமாடியில் தொட்டி வைத்து வளர்த்தோம்.

சரி, டெய்லர் கதைக்கு வருகிறேன்.

களிம்பு தயாரானதும் அது நிஜமாகவே புண்ணை ஆற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சிவாஜிநகரில் ஒரு சின்ன கிளினிக் டாக்டர் சம்மதித்தார். ஆறாத புண்ணோடு அவரிடம் வருகிறவர்களில் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கினோம். எல்லாருக்கும் வழக்கமான கட்டு, வழக்கமான மாத்திரை உண்டு. அதற்கு மேல் ஆளுக்கு ஒரு டப்பா. பாதி டப்பாக்களில் எங்கள் களிம்பு. மீதிப் பாதியில் பச்சிலையே இல்லாத வெறும் நெய், அதே பச்சை நிறம் சேர்த்தது. அதை நாங்கள் டம்மி என்போம். வெளியே நம்பர் மட்டும் இருக்கும். எது மருந்து, எது டம்மி என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது. நம்பர் போட்டவர் வேறு ஊர்க்காரர். சோதனை முடிந்த பிறகுதான் சொல்வார்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர். ஒருவர் கறிக்கடை பாய். எலும்புத் துண்டு ஒன்று தெறித்துக் கணுக்காலுக்கு மேலே புண். இன்னொருவர் அவருக்கு எதிர்க்கடை டெய்லர். தையல் மிஷினின் மிதிகட்டை உரசி உரசிப் பெருவிரலில் புண். டெய்லரும் எங்கள் தங்கவயல்காரர்தான், அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகத் தவறாதவர். பாய் பிறந்து வளர்ந்ததெல்லாம் கடை இருக்கிற அந்தச் சந்திலேயே. இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் அடிதடி நடக்கப்போகிறது என்று தோன்றும். அப்படிப்பட்ட சிநேகிதம்.

வெளியூரில் இருந்து வந்த பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் டீக்கடையில் ஒரு டீ வாங்கி, இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தரச் சொன்னால் அதற்குப் பை-டூ என்று பெயர். பாயும் டெய்லரும் பை-டூ தவிர வேறு எதுவும் குடித்து நான் பார்த்ததில்லை. டீ பை-டூ, பன் பை-டூ, சுண்டல் பொட்டலம் பை-டூ. இரண்டு பேருக்கும் சர்க்கரை வியாதி. டாக்டர் ஒருநாள் டீக்கடையிலேயே பிடித்துவிட்டார்.

"சக்கரை போட்ட டீயா பாய்?"

"பாதி டீதான் டாக்டர் சாப். பாதி டீயில பாதி சக்கரை. அப்ப முழு சக்கரை யாருக்கு? யாருக்கும் இல்ல."

"ஒரு நாளைக்கு எத்தனை பாதி?"

இரண்டு பேரும் டீக்கடைக் கூரையைப் பார்த்தார்கள்.

டப்பா கொடுத்த அன்று மேடம் பொறுமையாக எல்லாம் விளக்கினார். பாய் கேட்டார், "எதுல மேடம் மருந்து இருக்கு?"

"எனக்கே தெரியாது பாய்."

"நீங்கதானே செஞ்சீங்க?"

"ஹௌது. ஆனா நம்பர் போட்டது வேற ஆள்."

பாய் டெய்லர் பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார், "பாவம்டா இந்தப் பொண்ணு. தான் செஞ்சது எதுன்னு தனக்கே தெரியல."

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை நான் அந்தச் சந்துக்குப் போவேன். காலி டப்பாவை வாங்கிக்கொண்டு புது டப்பா கொடுத்து, புண் எப்படி இருக்கிறது என்று கேட்டு வர வேண்டும். கிளினிக்கில் டாக்டரும் வாராவாரம் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். பாயின் புண் கண்ணுக்குத் தெரியச் சுருங்கியது. பாய் சந்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காலைக் காட்டினார். கறி வாங்க வந்தவர்கள்கூட அரைக் கிலோவோடு சேர்த்துக் காலையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பாய் டப்பாவில்தான் மருந்து இருக்கிறது என்று நான் முடிவே செய்துவிட்டேன். கவுரம்மாவும் அதே. மேடத்திடம் சொன்னபோது, "யூகம் பண்ணக்கூடாதும்மா" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் பாய் பேரைச் சொன்னால் அவர் முகமும் கொஞ்சம் மலர்ந்தது.

டெய்லரைக் கேட்டால், "நல்லா இருக்கு சிஸ்டர்" என்பார். அவ்வளவுதான். எல்லா வாரமும் நல்லா இருக்கு.

பிறகு பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. டெய்லர் கடையில் யூனிஃபார்ம் துணி கூரை வரை. அந்த வாரம் அவர் கிளினிக்குக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பாய்தான் வந்து, "அவன் நல்லா இருக்கான் டாக்டர், துணிக்குள்ள மாட்டிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். டாக்டர் என்னிடம், "நீங்க போறீங்கல்ல, பார்த்துட்டு வாங்க" என்றார்.

போனேன். டெய்லர் மிஷினில் இருந்தார். தலை நிமிரவில்லை. "நல்லா இருக்கு சிஸ்டர், டப்பாவை அங்க வச்சிடுங்க."

காலைப் பார்த்தேன். புண் இருந்த காலில் பூட்ஸ் மாதிரி ஒன்று. பழைய ஆட்டோ சீட்டு ரெக்ஸினில் அவரே தைத்தது. கறுப்பு ரெக்ஸின், சிவப்பு பைப்பிங், பக்கவாட்டில் ஜிப். அப்படி ஒரு நேர்த்தி.

"இது என்னா அண்ணே?"

"மிதிகட்டை உரசக்கூடாதுல்ல, அதுக்குத்தான். தண்ணி போகாது, தூசி போகாது. காத்துகூடப் போகாது சிஸ்டர்!"

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நானும் நல்ல வேலைப்பாடு என்று தலையாட்டினேன். அப்போதுதான் பூனையைக் கவனித்தேன்.

பாய் கடைக்கு ஒரு பூனை உண்டு, மஞ்சள் நிறம், தடியாக இருக்கும். அது கறிக்கடை வாசலை விட்டு நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. மழை கொட்டினாலும் நகராது. அந்தப் பூனை சந்தின் இந்தப் பக்கம் வந்து, டெய்லர் கடை வாசலில் அவருடைய ரெக்ஸின் பூட்ஸைப் பார்த்தபடி சப்பணமிட்டாற்போல் உட்கார்ந்திருந்தது.

"இது ஏன் இங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

எதிர்க் கடையிலிருந்து பாய் கத்தினார், "நெய் வாசனைக்கு அக்கா! களிம்புல நெய் இருக்குல்ல! என் பூனைக்கு நல்ல டேஸ்ட்டு!"

சரியான பதில்தான். நெய் வாசனைக்குப் பூனை வரும். ஆனால் நெய் பாய் காலிலும் இருக்கிறதே? அவர் காலை விட்டுவிட்டு, அத்தனை கறியையும் விட்டுவிட்டு, இந்தக் காலுக்கு ஏன் வர வேண்டும்? எனக்குச் சந்தேகம் வந்தது. மருத்துவம் தெரிந்து வரவில்லை, பூனையைப் பார்த்துத்தான்.

"காட்டுங்க அண்ணே" என்றேன். எனக்கே கேட்கவில்லை. பாய் கத்தியால் கொத்துகிற சத்தம், டெய்லர் மிஷின் சத்தம், நடுவில் என் குரல். இன்னொரு முறை சொன்னேன். டெய்லர், "என்னா சிஸ்டர்? டப்பாதானே? அங்க வச்சிடுங்க" என்றார்.

அந்நிய ஆம்பளை காலை எப்படிப் பிடித்துத் திருப்புவது? திரும்பிப் போய் மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று வாசல் வரை வந்துவிட்டேன். வாசலில் பூனை என்னை ஒரு பார்வை பார்த்தது. திரும்பி உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துவிட்டேன்.

மிஷின் நின்றது. பாய் கத்தியும் நின்றது. சந்தே நின்ற மாதிரி இருந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் கை சக்கரத்தின் மேலேயே இருந்தது.

"என்னா சிஸ்டர் இது, நாளைக்கு ஸ்கூல் திறக்குது..."

நான் தரையில் உட்கார்ந்து ஜிப்பைப் பிடித்தேன். அது பாதியில் மாட்டிக்கொண்டது. டெய்லருக்கு அந்த நேரத்திலும் ரோஷம், "மெதுவா, மெதுவா, அது நல்ல ஜிப்" என்றார். பாய் கடையை விட்டு ஓடி வந்து, ஒரே இழுப்பில் பிய்த்தார்.

பெருவிரல் பழுத்த தக்காளி போல் இருந்தது. சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது. கால் கொதித்தது. பூனை சொன்னது சரிதான்.

பாய் முகத்தில் ரத்தமே இல்லை. "டேய்... நேத்து கேட்டேனே, நல்லா இருக்குன்னியேடா."

"நீ மட்டும்? டாக்டர்கிட்ட போய் நல்லா இருக்கான்னு சொல்லிட்டு வந்தவன் நீதானேய்யா!"

"நீ சொல்லச் சொன்ன, நான் சொன்னேன்!"

"ஏன் அண்ணே மறைச்சீங்க?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

டெய்லர் துணிக்குவியலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அந்தப் பொண்ணு ஃபெயிலாயிடும்ல சிஸ்டர்."

"எந்தப் பொண்ணு?"

"மேடம்தான். டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு அலையுது. நம்ம கால்ல ஆறினாத்தானே அதுக்கு மார்க்கு? வெயில்ல வந்து நின்னு, கால் கழுவி விட்டுது சிஸ்டர், என் பொண்ணுகூடச் செய்யாது. நான் ஆறலன்னு சொல்லி அதைக் கவுத்து விடவா?"

மேடம் ஏதோ பரீட்சை எழுதுகிறார், தாங்கள்தான் விடைத்தாள் என்று இரண்டு பேரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். எனக்கு அடிக்கவும் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது.

மேடத்துக்குப் போன் போட்டேன். அன்று அவர் வைட்ஃபீல்டில் ஒரு கூட்டத்தில் இருந்தார். இந்தச் சோதனைக்குப் பணம் தருகிறவர்களிடம், எல்லாம் நன்றாகப் போகிறது என்று விளக்குகிற கூட்டம். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். பாய் போனை வாங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தையல் மிஷின் மேல் வைத்தார்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "சிவப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கு? ஜுரம் இருக்கா?" என்று கேட்டார். சொன்னேன். "களிம்பை நிறுத்துங்க. கிளினிக் வேண்டாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி. டாக்டருக்கு நான் போன் பண்றேன். ஒடனே கிளம்புங்க."

"மேடம், உங்க கணக்கு கெட்டுப்போயிடுமே" என்றேன்.

"கணக்கு முதல்ல இருந்து போடலாம்மா. கால் முதல்ல இருந்து வருமா?" என்றார். பிறகு, "ஆஸ்பத்திரியில கேப்பாங்க. அவருக்குக் கொடுத்தது எந்த நம்பர் டப்பா?" என்று கேட்டார்.

நான் நம்பரைப் படிக்க டப்பாவை எடுத்தேன். பாயும் டெய்லரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து மேடம்... பை-டூ."

"என்ன?"

"ரெண்டு டப்பாவையும் கொட்டி, கலந்து, பாதி இவனுக்கு, பாதி எனக்கு. முதல் நாள்ல இருந்தே. இவன் கட்டிங் டேபிள்ல வச்சு ஸ்கேல் போட்டுச் சரியாப் பிரிச்சோம் மேடம், ஏமாத்தல."

பாய் போனுக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"ஒருத்தன் டப்பாவுல மருந்து, ஒருத்தன் டப்பாவுல டம்மின்னீங்க. நாளைக்கு எனக்கு ஆறி இவனுக்கு ஆறலன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எதிர்ல கடை போடறது? டென்ஷன் நக்கோ, டென்ஷன் வேணாம் மேடம், பாதி மருந்து கண்டிப்பா உள்ள போயிருக்கு."

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கக் கூச்சமாக இருந்தது. "ரெண்டு டப்பா நம்பரையும் சொல்லிடுங்க. மொதல்ல கிளம்புங்க" என்று வைத்துவிட்டார்.

கிளம்புவதற்குள் இன்னொரு கூத்து. பாய் மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோவுக்குக் கை காட்டினார். ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. காலி ஆட்டோக்கள்கூட வேகம் எடுத்துப் பறந்தன. "அரே, மனுஷனே இல்லையா இந்த ஊர்ல!" என்று பாய் நடுரோட்டில் நின்று அழாத குறை. நான் டெய்லரைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தபோதுதான் பார்த்தேன். ஏப்ரனெல்லாம் ரத்தம். கை காட்டிய கையில் கறி வெட்டுகிற கத்தி.

வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுக் கத்தினேன். "பாய்! கத்தி!"

சிவாஜிநகர் பஸ் நிலையம் வரை கேட்டதாக டீக்கடைக்காரர் இன்றும் சொல்கிறார். பாய் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் கை காட்டினார். ஆட்டோ நின்றது. கத்தியைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார்கள். ஊசி போட்டு, சீழ் எடுத்து, படுக்க வைத்தார்கள். கெடுத்தது பெரும்பாலும் அந்த பூட்ஸ்தான். உள்ளே வேர்த்து வேர்த்து, காற்றே இல்லாமல், மேலே நெய்ப் பூச்சு வேறு. போதாததற்கு நாள் முழுவதும் மிதித்த மிதி. விரல் தப்பியது. யூனிஃபார்ம்தான் தப்பவில்லை. டெய்லர் கடையில் பாய் உட்கார்ந்துகொண்டு, கேட்க வந்த தாய்மார்களிடமெல்லாம் "ரெடியாயிட்டே இருக்கு" என்று சொல்லிச் சமாளித்தார். அவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

போனை வைத்ததும் மேடம் வைட்ஃபீல்ட் கூட்டத்துக்குள் திரும்பிப் போய், நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாராம். என்ன பதில் வந்தது என்று எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள் சாயங்கால டீக்கு பிஸ்கட் வரவில்லை, அதிலிருந்து புரிந்துகொண்டோம்.

ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு, டப்பா வாங்கிய எல்லார் வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு. "நான் பரீட்சை எழுதலை. நீங்க ஆறலன்னு சொன்னா எனக்குக் கோபம் வராது. நல்லா இருக்குன்னு பொய் சொன்னாத்தான் வரும்." ஒரு வீட்டில் ஒரு அம்மா, "அப்ப நெஜத்தைச் சொல்லட்டுமா? உங்க களிம்பு புடவையெல்லாம் பச்சையாக்குது, நான் தடவறதே இல்ல" என்றார். மேடம் அவருக்கு நன்றி சொன்னார். மனசாரச் சொன்னார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். பாய், டெய்லர் இரண்டு பேரையும் சோதனையிலிருந்து நிறுத்திவிட்டோம். அன்றிலிருந்துதான் அந்த விதி வந்தது. யார் என்ன சொன்னாலும், கட்டைப் பிரித்துக் கண்ணால் பார்க்காமல் திரும்பி வரக்கூடாது. நீங்கள் வாசலில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சோதனை முடிந்து, நம்பர் போட்ட வெளியூர்க்காரர் எது எது மருந்து என்று சொன்ன நாள் எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்றோம். களிம்பு கொஞ்சம் வேலை செய்கிறது என்று வந்தது. ஓகோ என்றில்லை, கொஞ்சம். மேடத்துக்கு அதுவே போதும். நான் கூச்சத்தை விட்டுவிட்டு, "பாய் டப்பாவுல இருந்தது மருந்துதானே?" என்று கேட்டேன்.

மேடம் நம்பர் பட்டியலைப் பார்த்தார். "டம்மி."

"அப்ப டெய்லரோடது?"

"அதுவும் டம்மி."

டம்மியையும் டம்மியையும் ஸ்கேல் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பாயின் கால் ஆறியது வழக்கமான கட்டாலும், தினம் கழுவியதாலும்தான். சந்துக்கே காட்டிய அந்தக் காலில் ஒரு இலைகூடப் படவில்லை. எனக்குச் சத்தியம் செய்கிற அளவுக்கு நம்பிக்கை இருந்ததே என்று வெட்கமாகிவிட்டது. மேடம், "அதுக்குத்தான்மா டம்மி. நம்ம ஆசை நம்ம கண்ணை மறைக்கும்" என்றார்.

இதைப் பாயிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் டெய்லர்! ரெண்டு பேருக்குமே ஒண்ணும் இல்லையாம்டா!"

"ரெண்டு பேருக்குமா?"

"ஹௌ! சரி சமமா ஒண்ணும் இல்ல!"

இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தார்கள். டாக்டர் கண்டித்திருந்ததால் சர்க்கரை இல்லாத டீ. மேடம் கண்டித்திருந்ததால் பை-டூ இல்லை, ஆளுக்கு ஒரு முழு டம்ளர். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி குடித்ததும் டம்ளரை மாற்றிக்கொண்டார்கள்.

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். முன்பின் மாறியிருக்கும், யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதில் நான் நிச்சயமில்லை. உங்களில் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். மருந்து விஷயத்தை மேடத்திடம் கேளுங்கள். நெய் கணக்கைக் கவுரம்மாவிடம் கேளுங்கள், அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம். மீதிக்குச் சிவாஜிநகருக்கே ஒரு நடை போய் வாருங்கள். ஆனால் டெய்லரிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நல்லா இருக்கு என்பார். மிஷின் சக்கரத்தில் கையை வையுங்கள். காலைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.